எங்கள் பாட்டிக்கு ஏன் சிலை இல்லை? சுங்கை சிப்புட் பிள்ளைகள் கேட்ட கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலைகளில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிப்பு வகுப்பு நடத்தி வருகிறேன். பள்ளி விடுமுறையில் பினாங்குக்குப் போய் வந்த நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, அங்கே கோட்டையில் பார்த்த வெள்ளைக்காரர் சிலையைப் பற்றி வகுப்பில் விவரித்துவிட்டு, “டீச்சர், எங்கள் பாட்டிக்கு ஏன் சிலை இல்லை?” என்று கேட்டாள். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அதன் பிறகு மற்றப் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளைச் சேர்த்து, நிதானமாக யோசித்து இங்கே எழுதியிருக்கிறேன். சிறியவர்கள் பெற்றோருடன் சேர்ந்து படிப்பது நல்லது.

பத்துமலை முருகன் சிலையும் கோட்டையில் இருக்கும் சிலையும் ஒன்றா?

இரண்டும் உருவங்கள்தாம், ஆனால் அவற்றை வைத்த நோக்கம் வேறு. பத்துமலை அடிவாரத்தில் 2006-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட முருகன் சிலை 42.7 மீட்டர் உயரம் கொண்டது. அதன் முன்னால் நின்று நாம் கும்பிடுகிறோம். நினைவுச் சிலையைக் கும்பிட வேண்டியதில்லை. “இப்படி ஒருவர் இருந்தார், இவரை மறக்காதீர்கள்” என்று முன்பு வாழ்ந்தவர்கள் பின்னால் வருபவர்களிடம் சொல்லிவிட்டுப் போன செய்தி அது. செய்தி என்பதால் அது சரிதானா என்று நாம் கேட்கலாம். சாமியிடம் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை நினைவுச் சிலையிடம் தாராளமாகக் கேட்கலாம்.

தமிழர்கள் எப்போதிலிருந்து இப்படி நினைவுச் சின்னம் வைக்கிறார்கள்?

சங்க காலத்திலிருந்தே வைக்கிறார்கள். ஊரின் ஆடுமாடுகளைக் கள்வர்கள் ஓட்டிச் செல்லும்போது அவர்களோடு போரிட்டு இறந்தவனுக்கு ஊரார் ஒரு கல்லை நட்டு, அதில் அவன் பெயரையும் அவன் செய்ததையும் பொறித்தார்கள். அதற்கு நடுகல் என்று பெயர். நடுகல் எடுப்பதற்கு ஆறு படிகள் உண்டு என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. அதாவது, தகுந்த கல்லைத் தேடிப் பார்ப்பது, அதை எடுக்கத் தொடங்குவது, நீராட்டுவது, நடுவது, படையலிடுவது, கடைசியாக வாழ்த்திப் பாடுவது. ஒரு கல்லை நட இத்தனை வேலையா என்று நீங்கள் வியக்கலாம். கல்லைத் தேடுவதில் தொடங்கி வாழ்த்துவது வரை ஊரே கூடிச் செய்ததால்தான் அந்த நினைவு அந்த ஊருக்குச் சொந்தமானது என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த நடுகல் ஒன்று தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டத்தில், எடத்தனூர் என்ற ஊரில் கிடைத்தது. ஏறத்தாழ 1,400 ஆண்டுகளுக்கு முன், மகேந்திரவர்ம பல்லவன் காலத்தில் நடப்பட்ட கல் அது. எருமைகளைக் காக்கப் போரிட்டு இறந்த கருந்தேவகத்தி என்பவனின் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் நிற்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரை ஊர் 1,400 ஆண்டுகளாகக் காப்பாற்றி வைத்திருக்கிறது. யாரை நினைவில் வைப்பது என்று பேசத் தொடங்கும்போதெல்லாம் கோவிவனை நினைத்துக்கொள்ளுங்கள். அவனிடம் பட்டமும் பதவியும் பணமும் இருந்ததில்லை; ஆபத்து வந்தபோது ஓடாமல் நின்றான், அதை ஊரார் பார்த்தார்கள்.

சிலை வைத்தால் அவர் பெரிய மனிதர் என்று பொருளா?

அப்படி இல்லை. சிலை வைத்த காலத்தில், சிலை வைக்கும் அதிகாரமும் பணமும் உள்ளவர்கள் அவரைப் பெரியவர் என்று கருதினார்கள் என்றுதான் பொருள். பினாங்குக் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட் சிலையையே எடுத்துக்கொள்வோம். அவர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காக 1786-இல் பினாங்குக்கு வந்தார், 1794-இல் இறந்துபோனார். சிலை வைக்கப்பட்டதோ 1936-இல், அவர் வந்த 150-ஆம் ஆண்டு நிறைவுக்காக. அவர் முகம் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு படம்கூடக் கிடைக்காததால், அவருடைய மகன் வில்லியம் லைட்டின் முகத்தைப் பார்த்துச் சிலையைச் செய்தார்கள். ஆகவே “லைட்” என்று நாம் அண்ணாந்து பார்க்கும் முகம் அவர் மகனின் சாயலில் அமைந்தது. ஜப்பானியர் ஆட்சியில் அந்தச் சிலை இடம் பெயர்க்கப்பட்டது. இடுப்பில் இருந்த வாளும் காணாமல் போனது.

இதைச் சொல்லும்போது பிள்ளைகள், “அப்படியானால் அது பொய்ச் சிலையா?” என்று கேட்கிறார்கள். பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 1786-இல் நடந்ததைப் பற்றி அந்தச் சிலை கொஞ்சம்தான் சொல்கிறது. 1936-இல் இந்த நாட்டை ஆண்டவர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டார்கள் என்பதைப் பற்றி நிறையச் சொல்கிறது. எந்தச் சிலையைப் பார்த்தாலும் அதன் பீடத்தில் இரண்டு ஆண்டுகளைத் தேடுங்கள்: அவர் வாழ்ந்த ஆண்டு ஒன்று, சிலை வைத்த ஆண்டு இன்னொன்று. இரண்டாவது ஆண்டை யாரும் கவனிப்பதில்லை, ஆனால் விடை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

ஓர் ஊருக்குப் பலர் சேர்ந்து உழைத்திருந்தால், ஒருவருக்கு மட்டும் சிலை வைப்பது நியாயமா?

நியாயம் இல்லை என்று நினைத்தவர்கள் பக்கத்து நாட்டிலேயே இருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் பிரிட்டிஷ் அதிகாரி ராபிள்ஸின் சிலை தன்னந்தனியாக நின்றது. அவர் அங்கே வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை ஒட்டி, 2019-இல் அதன் அருகில் மேலும் நான்கு பேரின் சிலைகளைச் சிறிது காலத்துக்கு வைத்தார்கள். சாங் நீல உத்தாமா, முன்ஷி அப்துல்லா, டான் டோக் செங் ஆகியோருடன் நின்ற நான்காமவர் நாராயண பிள்ளை என்ற தமிழர். 1819-இல் ராபிள்ஸுடன் பினாங்கிலிருந்து கப்பலில் போன அவர் அங்கே செங்கல் சூளை நடத்தினார். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலைத் தொடங்கி வைத்தவரும் அவரே.

அந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய சிலையை யாரும் உடைக்கவில்லை என்பது. பக்கத்தில் நான்கு பேரை நிறுத்தியதுமே, “இவர் ஒருவரே இந்த ஊரைக் கட்டினார்” என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த சிலை, “நானும் அவர்களில் ஒருவன்” என்று சொல்லத் தொடங்கிவிட்டது. அந்த நான்கு சிலைகளும் நிரந்தரமாக நிற்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

கெட்டது செய்த ஒருவருக்குச் சிலை இருந்தால் அதை உடைக்கலாமா?

இந்தக் கேள்விக்கு உலகத்துப் பெரியவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடந்த ஒரு கதையைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் பிரிஸ்டல் என்ற துறைமுக நகரத்தில் எட்வர்ட் கோல்ஸ்டன் என்ற வணிகருக்கு 1895-இல் சிலை வைத்தார்கள். அவர் அந்த நகரத்தின் மிக நல்லொழுக்கமும் அறிவும் உள்ள மைந்தர்களில் ஒருவர் என்று பீடத்தில் எழுதியிருந்தது. ஆனால் ஆப்பிரிக்க மக்களைப் பிடித்து, கப்பலில் அடைத்து, அடிமைகளாக விற்ற நிறுவனத்தை நடத்தியவர்களில் அவரும் ஒருவர் என்பது அதில் எழுதப்படவில்லை. பலகையை மாற்றி உண்மையை எழுதுங்கள் என்று அந்த நகர மக்கள் பல ஆண்டுகள் கேட்டார்கள்; சொற்களை எப்படி அமைப்பது என்று பேசிப் பேசியே காலம் போனது. கடைசியில் 2020 ஜூன் 7-ஆம் நாள், ஊர்வலமாக வந்த கூட்டம் கயிறு கட்டி அந்தச் சிலையை இழுத்துச் சாய்த்து, உருட்டிக்கொண்டு போய்த் துறைமுகத் தண்ணீரில் தள்ளிவிட்டது. பிறகு நகர மன்றம் அதை வெளியே எடுத்தது. இப்போது அது ஓர் அருங்காட்சியகத்தில், மேலே பூசப்பட்ட சாயத்தோடு, படுத்த நிலையில் இருக்கிறது.

பொதுச் சொத்தை உடைப்பதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன். உடைந்து விழும் சிலையால் யாருக்காவது அடிபடலாம் என்பதும் காரணம். ஆனால் நியாயமாகக் கேட்டவர்களுக்கு நேரத்தில் பதில் சொல்லியிருந்தால் அந்தக் கயிறு வந்திருக்காது என்றும் நம்புகிறேன். அருங்காட்சியகத்தில் அந்தச் சிலை இருக்கும் விதம் எனக்குச் சரியாகப் படுகிறது. வீதியில் உயரமாக நின்றால் “இவரைப் போல இருங்கள்” என்று பொருள். அருங்காட்சியகத்தில் கிடந்தால் “இப்படியும் நடந்தது, தெரிந்துகொள்ளுங்கள்” என்று பொருள். வரலாறு அழிந்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. கோல்ஸ்டன் யார் என்பது சிலை நின்ற காலத்தைவிட இப்போதுதான் அதிகம் பேருக்குத் தெரியும்.

நல்லதும் கெட்டதும் இரண்டும் செய்தவரை என்ன செய்வது?

இரண்டையும் எழுத வேண்டும். தவறே செய்யாதவருக்கு மட்டும்தான் சிலை என்றால் பீடங்கள் எல்லாம் காலியாகத்தான் கிடக்கும்.

ஒருவருக்கு வீரராகத் தெரிபவர் இன்னொருவருக்குக் குற்றவாளியாகத் தெரிந்தால்?

நம் ஊரிலேயே இந்தச் சிக்கல் உண்டு. 1948 ஜூன் 16-ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. காவலர்களும் கம்யூனிஸ்ட் போராளிகளும் மட்டுமல்லாமல், எந்தப் பக்கமும் சேராத தோட்டத் தொழிலாளர்களும் அதில் மாண்டார்கள். அந்தக் காலத்தில் எஸ்.ஏ. கணபதி என்ற தமிழர் மலாயாவின் மிகப் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்தார். துப்பாக்கி வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட அவரை 1949 மே 4-ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். தொழிலாளர் உரிமைக்காக உயிர் கொடுத்தவர் என்று ஒரு சாரார் அவரைப் போற்றுகிறார்கள். ஆயுதப் போராட்டத்தில் உறவுகளை இழந்த குடும்பங்களுக்கு அந்தக் காலத்தின் பெயரைக் கேட்டாலே வலிக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் அவசரப்பட்டுச் சிலை வைப்பதைவிட, நடந்ததை முழுமையாக எழுதி வைப்பதே முதல் வேலை என்பது என் எண்ணம். உங்கள் தாத்தா ஒரு மாதிரியும் நண்பனின் தாத்தா வேறு மாதிரியும் சொன்னால், இரண்டு பேரையும் பேச விட்டுக் கேளுங்கள்.

நம் நாட்டில் ஏன் மனிதச் சிலைகள் அதிகம் இல்லை?

மனித உருவங்களைச் சிலையாக வைப்பதை இஸ்லாம் பொதுவாக ஊக்குவிப்பதில்லை. நம் நாட்டில் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள். கோலாலம்பூரில் 1966-இல் திறக்கப்பட்ட தேசிய நினைவுச் சின்னத்தில் ஏழு வெண்கல வீரர்கள் இருக்கிறார்கள் என்றாலும், நம் நாட்டு வழக்கம் பெரும்பாலும் சாலைக்கும் பள்ளிக்கும் மண்டபத்துக்கும் பெயர் சூட்டுவதுதான். இது குறைந்த மரியாதை என்று எண்ண வேண்டாம். பெயரை நாம் தினமும் வாயால் சொல்கிறோம், கடிதத்தில் எழுதுகிறோம், வழி கேட்பவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்.

ஈப்போவில் சிபில் கார்த்திகேசுவின் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. ஜப்பானியர் காலத்தில் பாப்பான் என்ற சிற்றூரில், தமிழரும் மருத்துவருமான கணவருடன் மருந்தகம் நடத்திய தாதி அவர். காட்டில் ஒளிந்து ஜப்பானியரை எதிர்த்தவர்களுக்கு இரகசியமாக மருத்துவம் பார்த்தார். பிடிபட்டுக் கொடுமையாகச் சித்திரவதை செய்யப்பட்டபோதும் அவர்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அந்தக் காயங்களோடு 1948-இல் இறந்தார். அந்தச் சாலையில் போகும் எத்தனை பேருக்கு இது தெரியும்? பெயர்ப்பலகை பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

நம் ஊர்க்காரர் துன் சம்பந்தனை ஏன் நினைவில் வைத்திருக்கிறோம்?

துன் வீ.தி. சம்பந்தன் 1919-இல் சுங்கை சிப்புட்டில் பிறந்தவர். அவர் பிறந்த நாளும் ஜூன் 16-தான். நாட்டின் அமைச்சராக இருந்தார், மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக இருந்தார் என்பதெல்லாம் பாடநூலில் இருக்கிறது. எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது முதலில் வருவது பதவி அல்ல, பத்து வெள்ளி. சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். தோட்டம் கைமாறினால் வேலை போகும். வேலை போனால் தோட்டத்தில் கொடுத்த லயத்து வீடும் போகும். அப்போது அவர் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி சேர்த்தால் நாமே தோட்டத்தை வாங்கலாம் என்று தொழிலாளர்களிடம் சொன்னார். அப்படி 1960-இல் உருவானதுதான் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அந்தச் சங்கம் உண்மையிலேயே தோட்டங்களை வாங்கியது.

கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துச் சாலைக்கும் அங்குள்ள மோனோரயில் நிலையத்துக்கும் அவர் பெயர் இருக்கிறது. அது தகும். ஆனால் என் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: யோசனை ஒருவருடையது, அந்தப் பத்து வெள்ளி யாருடையது? மளிகைக் கடைக் கடனையும் பிள்ளையின் பள்ளிச் சீருடையையும் தள்ளி வைத்துவிட்டுப் பணத்தை எண்ணிக் கொடுத்தவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். தலைவரை நினைவில் வைக்கும்போது அவர்களும் கூடவே நினைவுக்கு வர வேண்டும்.

சரி, எங்கள் பாட்டிக்கு ஏன் சிலை இல்லை?

இதற்குத்தான் அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. கோலகங்சாருக்குப் போனால், மாவட்ட அலுவலகத்துக்கு அருகில் ஒரு பழைய ரப்பர் மரத்தைப் பார்க்கலாம். 1877-இல் அந்த ஊருக்கு வந்த முதல் ரப்பர்க் கன்றுகளில் இன்றும் மிஞ்சி நிற்பது அது. அதைச் சுற்றி வேலி இருக்கிறது, விவரம் எழுதிய பலகையும் இருக்கிறது. மரத்துக்குப் பலகை வைத்தது நல்லதுதான். அந்த மரத்தின் வழிவந்த இலட்சக்கணக்கான மரங்களில் பால் வெட்டியவர்களுக்குப் பலகை எங்கே?

என் பாட்டியின் பால்வெட்டுக் கத்தி இன்னும் என்னிடம் இருக்கிறது. நுனி வளைந்த சிறிய கத்தி. மரப்பிடி அவர் கைபட்டுப் பட்டு, பெருவிரல் பதியும் இடத்தில் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. விடிவதற்கு முன்பே பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, நாளுக்கு நானூறு ஐந்நூறு மரம் வெட்டியிருக்கிறார். பட்டையை மெல்லிய சீவலாகச் சரிவாகச் சீவ வேண்டும். ஆழம் குறைந்தால் பால் ஒழுகாது, கூடினால் மரத்தில் காயம் பட்டு அந்த இடத்தில் பட்டை சீராக வளராது. இருட்டில், கொசுக்கடியில், ஐந்நூறு தடவை அந்த அளவு தவறக்கூடாது. இது சிற்பி செய்யும் வேலைக்குக் குறைந்தது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சிலை இல்லாததற்குக் காரணம் அவருக்குத் தகுதி இல்லை என்பது அல்ல. சிலை வைக்கும் இடத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பெயர் தெரியாத உழைப்பாளிகளுக்கு எங்காவது சிலை இருக்கிறதா?

சென்னை மெரினா கடற்கரையில் 1959-இல் வைக்கப்பட்ட உழைப்பாளர் சிலை அப்படிப்பட்டது. நான்கு பேர் உடம்பெல்லாம் முறுக்கேற ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். அவர்கள் இன்னார் என்று யாரும் பெயர் சூட்டவில்லை, அதனால் பார்க்கும் எவரும் தன் தாத்தாவை அதில் காணலாம். நான்கு பேரும் ஆண்கள் என்பதால், பாட்டியைக் காண முடியாது. நம் தோட்டங்களில் ஆண்களோடு சரிக்குச் சரியாகப் பால் வெட்டிய பெண்களுக்கு அதில் இடம் இல்லை.

நமக்கு இன்னும் நெருக்கமான நினைவுச் சின்னம் தாய்லாந்தில் இருக்கிறது. ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறத்தாழ 415 கிலோமீட்டர் இரயில் பாதை போட்டபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களைக் கொண்டுபோனார்கள். காலராவிலும் பட்டினியிலும் அடியிலும் அவர்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். காஞ்சனபுரியில் அந்தப் பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு அழகான கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன, மிகப் பெரும்பாலானவற்றில் பெயர் உண்டு. அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இறந்த ஆசியத் தொழிலாளர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறை கிடையாது. எண்பது ஆண்டுகள் கழித்து, 2023-இல்தான் அங்குள்ள புத்தர் கோயில் ஒன்றில் அந்தத் தமிழர்களுக்காக ஒரு நடுகல் நாட்டப்பட்டது. அதற்கு நடுகல் என்றே பெயர் வைத்தார்கள். கோவிவனுக்குக் கிடைத்தது, காலம் தாழ்ந்தாவது, அவர்களுக்கும் கிடைத்தது.

உயிரோடு இருப்பவருக்குச் சிலை வைக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். உயிரோடு இருப்பவரிடம் நேரில் போய் நன்றி சொல்லலாம்.

நாங்கள் சிறுவர்கள். எங்களால் என்ன செய்ய முடியும்?

வெண்கலம் வாங்க உங்களிடம் பணம் இல்லை. அது தேவையும் இல்லை. வீட்டு அலமாரியில் இருக்கும் பழைய புகைப்படங்களை எடுத்து, பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்து, படத்தில் இருப்பவர் யார், எந்தத் தோட்டம், என்ன வேலை என்று கேட்டுப் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை படத்தின் முன்பக்கம் ஊறிவிடும். பெயரை முழுப் பெயராக எழுதுங்கள்; “மூலை வீட்டுப் பாட்டி” என்று எழுதினால் இருபது ஆண்டுகள் கழித்து மூலை வீடே இருக்காது. செம்பனைக்காக லயங்களை இடித்துவிட்ட தோட்டங்களின் பெயர்களையும், அங்கிருந்த கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயாக் கொட்டகை, பள்ளி எங்கே நின்றன என்பதையும் ஒரு தாளில் வரைந்து வையுங்கள்.

கேள்வி கேட்ட அந்த மாணவி இந்த வேலையைத் தொடங்கிவிட்டாள். சென்ற சனிக்கிழமை ஒரு பயிற்சிப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் பக்கத்தில் பாட்டியின் முழுப் பெயர், அதன் கீழே அவர் வேலை செய்த நிரையில் இருந்த பதினொரு பெண்களின் பெயர்கள். ஒன்பதாவது வரி பாதியில் நின்றிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் பாட்டிக்கு நினைவுக்கு வரவில்லையாம். அடுத்த வாரம் ஈப்போ புந்தோங்கில் இருக்கும் இன்னொரு பாட்டியிடம் கேட்டு எழுதுவதாகச் சொல்லி, அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.